மேசைமேல் வாட்டர்லூ: நடந்து முடிந்த போர்களைச் சிற்றுருவங்களால் மீண்டும் நடத்துதல்

சிற்றுருவப் போர் விளையாட்டில் ஈயத்திலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்து வண்ணம் தீட்டிய போர்வீரர் உருவங்கள் மேசைமேல் அணிவகுத்து நிற்கும். மேடு, பள்ளம், ஓடை, தோப்பு, ஊர் எல்லாம் அந்த மேசையிலேயே அமைந்திருக்கும். ஆட்டக்காரர்கள் விதிப்புத்தகத்தின்படி படைகளை நகர்த்துவார்கள். துப்பாக்கிச்சூடு, கைகலப்பு, பின்வாங்கல் ஆகியவற்றைப் பகடை உருட்டித் தீர்ப்பார்கள். இந்த விளையாட்டில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. ஒன்றில் இரு தரப்பும் சம மதிப்புள்ள படைகளைச் சேர்த்துக்கொண்டு கற்பனைக் களத்தில் மோதும். மற்றதில் வரலாற்றில் நடந்த ஒரு குறிப்பிட்ட போர் எடுத்துக்கொள்ளப்படும். அன்று யார் எங்கே நின்றார்களோ அங்கே படைகள் நிறுத்தப்படும். அதற்குமேல் நடப்பது ஆட்டக்காரர்கள் கையில். இந்த இரண்டாம் வகையை மறுபோர் எனலாம்.

சமபலப் போட்டியில் நியாயம் முதல் தேவை. வரலாற்றுப் போர்களோ பெரும்பாலும் ஒரு தரப்பு தனக்கு அனுகூலம் இருப்பதாக நம்பியதால் நடந்தவை. ஆகவே மறுபோரை நியாயத்தை வைத்து அளக்க முடியாது. அதன் பின்னால் நிற்கும் கேள்வி வேறு: அந்தப் போர் ஏன் அப்படி முடிந்தது? படை எவ்வளவு தூரம் நடக்கும், எத்தனை இழப்புக்குப் பின் ஓடும், தளபதியின் உத்தரவு எப்போது போய்ச் சேரும் என்று விதி எழுதுபவர் வைக்கும் ஒவ்வோர் எண்ணும் அந்தக் கேள்விக்கு அவர் தரும் பதில். மறுபோரின் விதிப்புத்தகம் ஒரு வரலாற்று விளக்கம். அதை அப்படித்தான் படிக்கவும் மதிப்பிடவும் வேண்டும். இங்கே முதன்மை எடுத்துக்காட்டாக, பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனைப் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படையும் பிரஷ்யப் படையும் தோற்கடித்த, 1815 ஜூன் 18 அன்று இன்றைய பெல்ஜியத்தில் நடந்த வாட்டர்லூப் போர் எடுத்துக்கொள்ளப்படுகிறது. மேசையில் மிக அதிகமாக மீண்டும் நடத்தப்படும் போர்களில் அது ஒன்று. மறுபோரின் எல்லாச் சிக்கல்களும் அதில் ஒருசேர வந்து நிற்கின்றன.

பிரஷ்யாவிலிருந்து வரவேற்பறைக்கு

சிற்றுருவப் போர் விளையாட்டின் மூதாதை சதுரங்கம். யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையைக் கட்டங்களில் நிறுத்திய அந்த ஆட்டத்தை, ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரக் கணித ஆசிரியர் ஹெல்விக் 1780இல் 1,617 கட்டங்கள் கொண்ட பெரும் பலகையாக விரித்தார். கட்டங்களுக்கு நிலத்தின் தன்மையைக் குறிக்கும் நிறங்களும் கொடுத்தார். ஆனால் கட்டம் இருக்கும்வரை நிலம் நிலமாகாது. 1812இல் மூத்த ரைஸ்விட்ஸ் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமிடம் கட்டங்களே இல்லாத ஒரு போர் மேசையைச் சமர்ப்பித்தார். பீரங்கிப் படை அதிகாரியான அவருடைய மகன் அதை 1:8000 அளவுள்ள வரைபடத்துக்கு மாற்றி, 1824இல் விதிகளை அச்சிட்டார். ஒரு சுற்று என்றால் இரண்டு நிமிடம். சேதத்தைப் பகடை சொல்லும். இரு தரப்பும் உத்தரவுகளை எழுதி நடுவரிடம் கொடுக்கும். எதிரியின் படைகளில் கண்ணுக்குத் தெரியக்கூடியவற்றை மட்டுமே நடுவர் காட்டுவார். இன்றைய மறுபோர்களில் மிகச் சிறந்தவை இன்னமும் இந்தக் கருத்துகளின்மேல்தான் நிற்கின்றன.

அந்த ஆட்டத்தைப் பார்த்து வியந்து, அதைப் படை முழுவதற்கும் பரிந்துரைத்தவர் பிரஷ்யப் படைத்தலைமையகத்தின் தலைவர் முஃப்லிங். வாட்டர்லூவில் வெலிங்டனின் பக்கத்தில் பிரஷ்யத் தொடர்பு அதிகாரியாக இருந்தவர் அவரே. உத்தரவு தாமதமானால், நட்புப்படை எங்கே வருகிறது என்று தெரியாமல் போனால், என்ன ஆகும் என்பதைக் களத்தில் கண்டவர். அப்படிப்பட்டவருக்கு நடுவரும் மறைப்பும் கொண்ட ஆட்டம் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

படையதிகாரிகளின் பயிற்சியாக இருந்தது பொழுதுபோக்காக மாறியது வேறொரு வழியில். 1893இல் லண்டனின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. பொம்மை வீரர்கள் மலிவானார்கள். 1913இல் எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில், தரையில் பொம்மை வீரர்களை நிறுத்தி, விசை பொருத்திய பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சிகளைச் சுட்டு அவர்களை வீழ்த்தும் ஆட்டத்துக்கு விதிகள் எழுதினார். உண்மைப் போரை வெறுத்தவர் அவர். பெரும்போரின் மடமைக்குச் சிறுபோர் மாற்று என்பதையும் அந்த நூலிலேயே எழுதினார். மறு ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது.

பிரிட்டனில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் ‘வார் கேம்ஸ்’ 1962இல் வெளிவந்தபின்தான் இது பரவலான பொழுதுபோக்காகக் காலூன்றியது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் மலிவான பிளாஸ்டிக் வீரர்கள் அதற்கு வழி அமைத்துவிட்டிருந்தனர். அமெரிக்காவில் 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய ‘செயின்மெயில்’ என்ற இடைக்காலப் போர் விதிகளிலிருந்துதான் 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ கிளைத்தது. பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளின் வேர் சிற்றுருவ மேசையில் இருப்பது இன்று அவற்றை ஆடும் பலருக்குத் தெரியாது.

சைபோர்னின் பாடம்

வாட்டர்லூவை முதலில் மேசைமேல் வைத்தவர் விளையாட்டுக்காரர் அல்லர். பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் சைபோர்ன் 1830இல் போர்க்களத்தின் மாதிரி ஒன்றை அமைக்கப் பணிக்கப்பட்டார். களத்திலேயே இருந்த லா ஏ சாந்த் பண்ணையில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் பங்கெடுத்து உயிரோடிருந்த அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, மாலை ஏழு மணி வாக்கில் உங்கள் பிரிவு எங்கே நின்றது, எதிரில் என்ன இருந்தது, வயலில் என்ன பயிர் என்று கேட்டார். ஒரு மைலுக்கு 9 அடி என்ற அளவில் எழுந்த அந்த மாதிரி, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்களோடு 1838இல் லண்டனில் காட்சிக்கு வந்தது. இன்று அங்குள்ள தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அரசு இடையில் பணம் தருவதை நிறுத்தியதால் சைபோர்ன் கடனில் மூழ்கினார். அதைவிடப் பெரிய தொல்லை பிரஷ்யர்களால் வந்தது. வெலிங்டனின் படை கடைசி நெருக்கடியில் இருந்தபோதே பிரஷ்யர்கள் பெருந்தொகையாகக் களத்தில் இறங்கியிருந்ததை மாதிரி காட்டியது. வெலிங்டனின் வட்டாரத்துக்கு அது பிடிக்கவில்லை. இறுதியில் சைபோர்ன் பிரஷ்ய உருவங்களில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார். பிரெஞ்சுப் படையின் வலப்புறத்தில் ஈய உருவங்கள் எத்தனை என்பது, வெற்றி யாருடையது என்ற கேள்வியாகிவிட்டது. மறுபோர் அமைக்கும் எவரும் இதே இடத்துக்கு வந்தே தீர வேண்டும். பிரஷ்யர்களை எத்தனை மணிக்கு, எவ்வளவு பேராக மேசைக்குக் கொண்டுவருவது என்று முடிவெடுத்த கணத்தில் அவரும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்.

அளவின் கணக்கு

வாட்டர்லூவில் வெலிங்டனிடம் சுமார் 68,000 பேர், நெப்போலியனிடம் சுமார் 73,000 பேர். பிற்பகலிலிருந்து வந்து சேர்ந்த பிரஷ்யர்கள் ஏறத்தாழ 50,000. ஓர் உருவம் இருபது பேருக்குச் சமம் என்று வைத்தாலும் 9,550 உருவங்கள் தேவை. ஒன்றுக்கு வண்ணம் தீட்ட அரை மணி என்றால் 4,775 மணி. நாளுக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஆறரை ஆண்டு. தனியொருவர் இந்த அளவில் வாட்டர்லூவை நினைத்துப் பார்ப்பதே கடினம். மன்றங்கள் பல சேர்ந்தால் முடியும். 2019 ஜூனில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில், போர்க்களத் தொல்லியலில் ஈடுபட்ட ‘வாட்டர்லூ அன்கவர்ட்’ என்ற அறநிறுவனத்துக்கு நிதி திரட்டுவதற்காக, 20,000க்கும் மேற்பட்ட 28 மி.மீ. உருவங்களோடு அந்தப் போர் மீண்டும் நடத்தப்பட்டது.

எண்ணிக்கையைவிட நிலத்தின் கணக்கே சிக்கலானது. அறுநூறு பேர் கொண்ட பிரிட்டிஷ் பட்டாலியன் இரண்டு வரிசையாக நின்றால், ஆளுக்கு ஏறத்தாழ 55 செ.மீ. வீதம் 165 மீட்டர் நீளும். இருபதுக்கு ஒன்று என்ற கணக்கில் அது 30 உருவங்கள். ஒவ்வொன்றும் 15 மி.மீ. அகலத் தட்டில், வரிசைக்குப் பதினைந்தாக நின்றால் 225 மி.மீ. அப்படியானால் மேசையில் ஒரு மி.மீ. என்பது களத்தில் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நீளத்துக்கு இது சரி. ஆழத்துக்கோ சரிவராது. உண்மையான இரட்டை வரிசை இரண்டு மீட்டர் ஆழம்கூட இராது. மேசையில் இரண்டு தட்டுகளும் சேர்ந்து 40 மி.மீ. பிடிக்கும், அதாவது களத்தில் 29 மீட்டர். பின்னால் நிற்கும் துணைப்படைக்கும் முன்வரிசைக்கும் இடையில் உண்மையில் இருந்த வெளி மேசையில் காணாமல் போகிறது. களம் நெரிசலாகிறது.

வீடுகள் இதைவிட மோசம். 28 மி.மீ. மனிதனின் உயரக் கணக்கு ஏறத்தாழ 1:60; நிலத்தின் கணக்கு 1:733. அறுபது மீட்டர் நீளமுள்ள பண்ணை வளாகத்தை மனிதனுக்குப் பொருந்தச் செய்தால் மேசையில் ஒரு மீட்டரை அடைத்துக்கொள்ளும். நிலத்துக்குப் பொருந்தச் செய்தால் ஏறத்தாழ எட்டு செ.மீ.யில் அடங்கிவிடும், அதன் கதவில் ஓர் உருவம்கூட நுழையாது. ஆகவே தரையில் பிடிக்கும் இடத்தை நிலக் கணக்கிலும், உயரத்தைக் கண்ணுக்கு உறுத்தாத வகையிலும் வைத்துச் சமாளிக்கிறார்கள். ஐந்து கி.மீ. அகலமுள்ள களம் இந்த அளவில் 6.8 மீட்டர் நீள மேசை கேட்கும். போகட்டும், நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் வெலிங்டனின் பின்புறமுள்ள மோன் செயின் ஜானிலிருந்து பிரெஞ்சுப் படையின் பின்புறமுள்ள பிளான்ஸ்னுவா ஊர் வரையுள்ள ஆழம் நான்கு மீட்டரைத் தாண்டும். மேசையின் இருபுறமிருந்தும் கை எட்டக்கூடிய ஆழம் இரண்டு மீட்டருக்கு உள்ளேதான். எனவே பெரிய மறுபோர்களில் மேசையைப் பல நீள்பட்டைகளாகப் பிரித்து நடுவில் நடைபாதை விடுகிறார்கள்.

வேறு வழியும் உண்டு. உருவத்தைச் சிறிதாக்குவது ஒன்று: 15 மி.மீ., 10 மி.மீ., 6 மி.மீ. அளவு வீரர்கள் கிடைக்கிறார்கள். கணக்கையே மாற்றுவது மற்றொன்று. ஃபிராங்க் சாட்விக்கும் கிரெக் நோவாக்கும் 1994இல் எழுதிய ‘வாலி அண்ட் பேயனெட்’ விதிகளில் மூன்று அங்குலச் சதுரத் தட்டு ஒன்று, பல பட்டாலியன்கள் சேர்ந்த ஒரு முழு பிரிகேட். ஓர் அங்குலம் நூறு கஜம். ஒரு சுற்று ஒரு மணி நேரம். இந்தக் கணக்கில் வாட்டர்லூக் களத்தின் அகலம் 1.4 மீட்டருக்குள் அடங்கும். சாப்பாட்டு மேசையில் போரை முடித்துவிடலாம். பட்டாலியன்கள் சதுரம் கட்டுவதும் வரிசை மாறுவதும் இதில் கண்ணுக்குத் தெரியாது. இழப்பு பெரிதில்லை. வெலிங்டனும் நெப்போலியனும் பட்டாலியனை நகர்த்தியவர்கள் அல்லர். அவர்களுடைய இடத்தில் அமர்பவருக்கு பிரிகேட் கணக்கே பொருந்தும். ஆயிரக்கணக்கான உருவங்களின் அழகு கண்ணை நிறைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த மேசைகளில் பேரரசர் வேலையையும் பட்டாலியன் தலைவர் வேலையையும் ஒரே ஆள் பார்க்க நேர்கிறது. போரின் போக்கு விளங்காமல் போகிறது.

நிலமும் ஆவணமும்

படைப்பட்டியல், அதாவது எந்தப் பிரிவு யார் தலைமையில் எத்தனை பேருடன் நின்றது என்ற கணக்கு, மறுபோரின் அடித்தளம். நெப்போலியன் காலத்துக்கு இது ஓரளவு நன்றாகவே கிடைக்கிறது. பண்டைக்காலப் போர்களுக்கு எண்ணிக்கையே ஊகம். வெற்றி பெற்றவரின் புலவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

நிலத்தைப் பொறுத்தவரை இன்று போய்ப் பார்த்தால் போதாது. வாட்டர்லூவில் 1820களில் சிங்கச் சிலைக் குன்றை எழுப்ப, வெலிங்டனின் முகட்டிலிருந்தே மண் எடுக்கப்பட்டது. பிரெஞ்சுக் காலாட்படை ஏறிவந்த சரிவின் வடிவமும், தற்காப்புக்கு உதவிய பள்ளச்சாலையின் கரைகளும் இதனால் மாறிவிட்டன. ஆகவே 1770களின் ஃபெராரிஸ் வரைபடத்தையும், போருக்கு அடுத்த ஆண்டு கிரான் வெளியிட்ட வரைபடத்தையும் நாட வேண்டியிருக்கிறது. பயிரும் கணக்கில் சேரும். ஆளுயரம் வளர்ந்திருந்த கம்புப்புல் வயல்கள் பல இடங்களில் பார்வையை மறைத்தன. முந்தின இரவு பெய்த மழை மண்ணைச் சேறாக்கியிருந்தது. பீரங்கிக் குண்டுகள் தரையில் பட்டுத் தெறித்து ஓடாமல் புதைந்துபோயின.

இந்தச் சேறு ஒரு நல்ல சோதனை. நெப்போலியன் தாக்குதலை முற்பகல் பதினொன்றரை வரை தள்ளிப்போட்டதற்கு நிலம் காயட்டும் என்பது ஒரு காரணம். படைகள் இன்னும் வந்து சேர்ந்துகொண்டிருந்தன என்பது மற்றொன்று. காலை ஒன்பது மணிக்கே தொடங்கியிருந்தால் பிரஷ்யர்கள் வருமுன் வென்றிருப்பாரா என்று பலரும் மேசையில் சோதிக்கிறார்கள். சேறு பீரங்கியின் பலத்தைக் குறைக்கும் என்றோ, படை முழுதாக வந்து சேரவில்லை என்றோ விதியில் எழுதாதவர்களின் மேசையில் நெப்போலியன் எளிதாக வெல்வார். அந்த வெற்றி எதையும் நிரூபிப்பதில்லை. உள்ளே போட்டதுதான் வெளியே வந்திருக்கிறது.

நேரமும் தடையும்

அணிவகுத்துச் செல்லும் காலாட்படை நிமிடத்துக்கு ஏறத்தாழ 57 மீட்டர் நடக்கும். ஒரு சுற்று பதினைந்து நிமிடம் என்றால் 850 மீட்டர். இரு தரப்பும் நின்ற முகடுகளுக்கு இடையேயுள்ள பள்ளத்தை இரண்டே சுற்றில் கடந்துவிடலாம். இந்தக் கணக்கை அப்படியே விதியாக்கினால், ஒன்பது மணி நேரம் நடந்த போர் பிற்பகல் மூன்று மணிக்குள் முடிந்துவிடும். உண்மையில் படைகள் பெரும்பாலான நேரம் நகரவே இல்லை. காத்திருந்தன, வரிசையைச் சரிசெய்தன, உத்தரவை எதிர்பார்த்தன, தவறான உத்தரவைப் பின்பற்றின.

விதி எழுதுபவர்களின் திறமை வெளிப்படுவது இங்கேதான். 1990இல் வந்த ‘டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாட்டிஸ்’ விதிகளில் ஒரு பகடையில் விழும் எண்ணே அந்தச் சுற்றில் எத்தனை பிரிவுகளை நகர்த்தலாம் என்று முடிவுசெய்யும். தரப்புக்குப் பன்னிரண்டு தட்டுகள்தான். ஆனாலும் ஒன்று விழுந்தால் சேனாதிபதி கை கட்டப்பட்டு நிற்பார். 2009இன் ‘பிளாக் பவுடர்’ விதிகளில் தளபதி முதலில் உத்தரவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு பகடை. அவருடைய தகுதி எண்ணுக்குள் விழுந்தால் படை நகரும். மிகக் குறைவாக விழுந்தால் மூன்று மடங்கு தூரம் போகும். தாண்டிவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். நகரும் தூரத்தைச் சுருக்கிக் கணக்கை ஒப்பேற்றுவதைவிட இவை உண்மைக்கு நெருக்கமானவை. படைகள் மெதுவாக நடந்தவை அல்ல. நடக்கத் தொடங்குவதற்கே நேரம் பிடித்தது.

படைகளின் மனவுறுதி இன்னொரு கணக்கு. சாவு எண்ணிக்கையால் அழிந்த பிரிவுகள் மிகக் குறைவு. பெரும்பாலானவை அதற்குமுன்பே குலைந்து ஓடின. ஆகவே நல்ல விதிகள் உருவங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் வைப்பதைக் கைவிட்டு, பிரிவின் கட்டுக்கோப்பு எவ்வளவு மிச்சம் என்பதைப் பின்தொடர்கின்றன. வென்ற படையும் குலையும். வாட்டர்லூவில் பிற்பகலில் பிரெஞ்சுத் தளபதி டெர்லோனின் காலாட்படையை உடைத்த பிரிட்டிஷ் கனரகக் குதிரைப்படை, நிற்கத் தெரியாமல் பிரெஞ்சுப் பீரங்கிகள்வரை பாய்ந்தது. அங்கே பிரெஞ்சுக் குதிரைப்படையிடம் பெருமளவு அழிந்தது. வெற்றிபெற்ற குதிரைப்படையை ஆட்டக்காரர் சொன்னபடி திரும்ப விடாத விதி இந்த ஒரு நிகழ்ச்சியாலேயே பல புத்தகங்களில் இடம்பெற்றிருக்கிறது.

பின்னறிவு என்ற பெருந்தடை

மறுபோரில் தீர்க்கக் கடினமான சிக்கல், ஆட்டக்காரர் வரலாறு படித்திருப்பது. நெப்போலியனின் இடத்தில் அமர்ந்தவருக்கு, பிரஷ்யர்களைத் துரத்திக்கொண்டு 33,000 பேருடன் போன பிரெஞ்சு மார்ஷல் கிரூஷி வாவ்ர் ஊரில் சிக்கிக்கொள்வார், வரமாட்டார் என்பது தெரியும். பிரஷ்யர்கள் கிழக்கிலிருந்து வருவார்கள் என்பதும் தெரியும். முகட்டின் பின்சரிவில் வெலிங்டன் ஒளித்துவைத்த படைகளையோ மேலிருந்தே பார்க்கிறார்.

மாலை நான்கு மணி வாக்கில் மார்ஷல் நே, காலாட்படைத் துணையில்லாமல் ஆயிரக்கணக்கான குதிரைகளை மீண்டும் மீண்டும் முகட்டின்மீது ஏவினார். அங்கே காலாட்படை சதுரம் கட்டி நின்றது. துப்பாக்கிமுனைக் கத்திகள் நீட்டிய சதுரத்தைக் குதிரைகள் உடைப்பது அரிது என்பதை எல்லா விதிகளும் சொல்கின்றன. ஆகவே எந்த ஆட்டக்காரரும் நே செய்ததைச் செய்யமாட்டார். செய்தவர் மூடர் என்ற முடிவோடு ஆட்டம் நகர்ந்துவிடும். ஆனால் நேவுக்கு முகட்டுக்கு அப்பால் தெரியவில்லை. எதிரி பின்வாங்குகிறான் என்று அவர் எண்ணியதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. அந்த எண்ணம் நியாயமாகத் தோன்றுவதற்கு இடம்கொடுக்காத மறுபோர் அந்த மாலையைப் பற்றி எதையும் விளக்குவதில்லை. அன்றைய தவறு இன்றைய ஆட்டக்காரருக்கும் கவர்ச்சியாகத் தெரிய வேண்டும். நல்ல மறுபோரின் உரைகல் இதுவே.

இதற்குப் பல உபாயங்கள் உள்ளன. பின்சரிவில் நிற்கும் படைகளுக்குப் பதிலாக வெறும் அட்டைகளை வைப்பது, அவற்றில் சிலவற்றை வெற்று அட்டைகளாகக் கலப்பது, எதிரி நெருங்கும்போது மட்டும் திருப்பிக் காட்டுவது பரவலான முறை. பிரஷ்யர்கள் வரும் நேரத்தைப் பகடைக்கு விடலாம்: பிற்பகல் இரண்டு மணியிலிருந்து இருட்டும்வரை எப்போதும் வரலாம் என்று வைத்தால் வெலிங்டனும் வியர்ப்பார், நெப்போலியனும் வியர்ப்பார். கிரூஷி வருவதற்கும் சிறு வாய்ப்பு விட்டுவைக்கலாம். ஒரு தரப்பில் பலரை அமர்த்தி, தளபதிகள் ஒருவரோடொருவர் எழுத்துச்சீட்டு வழியாக மட்டுமே பேச வேண்டும், சீட்டைக் கொண்டுபோக இத்தனை சுற்று ஆகும் என்று வைப்பது இன்னும் வலிமையானது. பழைய ரைஸ்விட்ஸ் முறைதான் இது. நல்ல நடுவர் வேண்டும்.

போரின் பெயரையே மறைத்துவிடுவது துணிச்சலான வழி. வரைபடத்தை இடவலமாகத் திருப்பி, படைகளின் பெயரையும் நூற்றாண்டையும் மாற்றிக் கொடுத்தால் ஆட்டக்காரர் வரலாற்றைத் துணைக்கழைக்க முடியாது. அதிகம் அறியப்படாத போர்களுக்கு இது அருமையாகப் பொருந்தும். வாட்டர்லூவை அப்படி மறைப்பது இயலாது. இரண்டு முகடுகளும் மூன்று பண்ணைகளும் மேசையில் தெரிந்ததும் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தற்செயல்: வந்தவாசி

சிற்றுருவ மேசைக்கு இயல்பாகப் பொருந்தும் அளவுள்ள போர்களில் ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஐர் கூட்டின் ஆங்கிலப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் மோதின. ஒவ்வொரு தரப்பிலும் ஐரோப்பியர் ஏறத்தாழ இரண்டாயிரம். அவர்களோடு சிப்பாய்களும் குதிரைப்படையும். இருபதுக்கு ஒன்று என்ற கணக்கில் சில நூறு உருவங்கள் போதும். மன்றத்தில் இருவர் ஓராண்டில் தீட்டி முடிக்கலாம். பிரெஞ்சுத் தரப்புக்குத் துணையாக வந்த மராட்டியக் குதிரைப்படை போரில் உருப்படியாக இறங்கவில்லை. போரின் நடுவே பிரெஞ்சுக்காரர்கள் அரணாகப் பிடித்திருந்த ஏரிக்கரையில் ஒரு வெடிமருந்து வண்டியைக் குண்டு தாக்கியது. வண்டி வெடித்துச் சிதறி அங்கிருந்தவர்களைக் கொன்றது. அந்தக் குழப்பத்தில் ஆங்கிலேயர் அந்த இடத்தைக் கைப்பற்றினார்கள். நிலைமையை மீட்க முயன்ற பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார். மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது.

அந்த வெடிப்பை எப்படி விதியாக்குவது? குறிப்பிட்ட சுற்றில் கட்டாயம் வெடிக்கும் என்று எழுதினால் லாலியின் இடத்தில் இருப்பவருக்கு ஆட்டமே இல்லை. விட்டுவிட்டால் அன்றைய போரின் திருப்புமுனை இல்லை. பீரங்கிச் சுற்று ஒவ்வொன்றிலும் வெடிமருந்து வண்டிக்கு மிகச் சிறிய ஆபத்து உண்டு என்று இரு தரப்புக்கும் பொதுவாக வைப்பதே நேர்மையான தீர்வு. பத்து முறை நடத்தினால் ஓரிரு முறைதான் வெடிக்கும். வெடிக்காத ஆட்டங்களில் கூட் எப்படி வெல்கிறார் அல்லது தோற்கிறார் என்பதைப் பார்த்தால், அந்த வண்டிக்கு வரலாற்று நூல்கள் கொடுக்கும் முக்கியத்துவம் சரிதானா என்று எடைபோட முடியும். மராட்டியர்களை அசையாமல் நிறுத்தும் விதியும் இப்படியே. அவர்கள் கட்டாயம் சும்மா இருப்பார்கள் என்று எழுதினால் லாலியின் நம்பிக்கை முட்டாள்தனமாகத் தெரியும். வரக்கூடும் என்ற ஐயம் இருந்தால்தான் கூட் அவர்களுக்கென்று படை ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கும்.

வெற்றி எது, பயன் எது

பலம் ஏறுமாறாக உள்ள போரில் களத்தைப் பிடிப்பதையே வெற்றி என்று வைத்தால் ஒருவர் எப்போதும் தோற்பார். அதனால் வரலாற்று முடிவோடு ஒப்பிட்டே வெற்றி அளக்கப்படுகிறது: தோற்ற தளபதியைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடித்தவர், அவரைவிடக் குறைந்த இழப்போடு வெளியேறியவர் வென்றவராகிறார். இங்கே ஒரு சறுக்கலும் உண்டு. பழைய முடிவு வரும்வரை விதிகளை முறுக்குவது சிலர் வழக்கம். வாட்டர்லூவில் நெப்போலியனின் காவல்படை முகட்டில் கட்டாயம் உடையும் என்றுகூட எழுதிவிடுவார்கள். அது போரை விளக்குவதில்லை, நாடகமாக நடித்துக் காட்டுகிறது. உண்மையில் நடந்தது எட்டக்கூடிய முடிவுகளில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே முடிவாக இருக்கக் கூடாது.

ஆய்வாளர்கள் இந்த முறையைப் பொருட்படுத்தியிருக்கிறார்கள். பேடி கிரிஃபித் 1974இல் சாண்ட்ஹர்ஸ்ட் படைக் கல்லூரியில், ஹிட்லர் 1940இல் பிரிட்டன்மீது படையெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பெரும் ஆட்டமாக நடத்தினார். அன்றைய போரில் இரு தரப்பிலும் இருந்த மூத்த அதிகாரிகள் அதற்கு நடுவர்கள். ஜெர்மானிய விமானப்படையின் அடால்ஃப் காலண்ட் அவர்களில் ஒருவர். படையெடுப்பு தோற்றது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பிலிப் சாபின் 2007இல் வெளியிட்ட ‘லாஸ்ட் பேட்டில்ஸ்’ நூலில், முப்பதுக்கும் மேற்பட்ட பண்டைப் போர்களை ஒரே விதித்தொகுப்பில் பொருத்திப் பார்த்தார். சான்று தெளிவாக உள்ள போர்களுக்கு ஒத்துவரும் விதிகளைச் சான்று குழம்பிய போர்களுக்கும் பொருத்தினால், சில படை எண்ணிக்கைகளும் சில களங்களும் ஏற்க முடியாதவை என்று புலப்படும். ஒரே போருக்கென்று தனிவிதி புனைவதைவிட இது எவ்வளவோ கண்டிப்பான முறை.

எல்லைகளும் உண்டு. அச்சம், புகை, தாகம், இரவெல்லாம் மழையில் நனைந்த உடம்பு எதுவும் பகடையில் முழுதாக ஏறாது. வாட்டர்லூவில் ஒரே நாளில் செத்தவர்களும் காயமுற்றவர்களும் நாற்பதாயிரத்துக்கும் மேல். மேசையில் அவர்கள் அட்டைப்பெட்டிக்குத் திரும்பும் உருவங்கள். எந்த முடிவு எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்பதைத்தான் மறுபோர் சொல்ல முடியும். போர் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல முடியாது. அதற்குச் சைபோர்னுக்கு வந்த கடிதங்களைப் படிக்க வேண்டும். அவற்றின் ஒரு பகுதியை அவருடைய மகன் 1891இல் நூலாக்கினார்.

பெரும்பாலான மறுபோர்கள் ஆட்டம் முடிந்ததும் படம் எடுப்பதோடு கலைந்துவிடுகின்றன. பயன் தொடங்குவது அதற்குப் பிறகுதான். எந்த எண்ணை எந்தச் சான்றை வைத்து எழுதினோம், ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் எந்தக் கணத்தில் எதை நம்பினார், முடிவு மாறியது யாருடைய தீர்மானத்தாலா பகடையாலா என்பதை அன்றே உட்கார்ந்து பேசி எழுதிவைக்க வேண்டும். ஒரே போரை அதே விதிகளோடு இன்னொரு குழு வேறோர் ஊரில் நடத்திப் பார்க்கும்படி அந்தக் குறிப்புகள் இருக்க வேண்டும். மறுபோர் நடத்துபவர்கள் உருவங்களுக்கு வண்ணம் தீட்டச் செலவிடும் நேரத்தில் ஒரு சிறு பங்கையாவது இதற்கு ஒதுக்க வேண்டும்.